தோலோடு வராத கண்

கெலாங் பாத்தாவில் ஆலன் திறக்கப்போகும் ஜப்பான் சாப்பாட்டுக் கடையில் நாலு தள்ளுகதவுகள். நாலையும் இழுத்து மூடினால் ஒரே படமாகத் தெரிய வேண்டும். இடப்பக்கம் மூங்கில், வலப்பக்கம் பாறை, நடுவில் ஒரு புலி, அதன் பக்கத்தில் அதன் சோடி. கதவு செய்பவர் காளியப்பன். படம் வரைபவள் டொரத்தி.

காளியப்பனை இந்த வேலைக்குச் சொல்லிவிட்டவளே டொரத்திதான். இந்த வேலைக்கு மட்டுமில்லை. நாலு வருஷமாக யார் அவளைச் சுவருக்குப் படம் போடக் கூப்பிட்டாலும், "மர வேலைக்கு எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார்" என்று வலியப் போய்ச் சொல்லுவாள். மற்றபடி அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

"நீ நல்லா இருக்கணும்மா. ஜெயிலுக்குப் போனவன யாரு வேலைக்குச் சேக்குறா? நீதான் எனக்கு வழி காட்டுற" என்பார் காளியப்பன். அதைக் கேட்கும்போதெல்லாம் சோற்றில் கல் கடித்ததுபோல டொரத்தி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கூச்சப்படுகிறாள் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

அன்று வியாழக்கிழமை. கதவுகள் நாலிலும் தங்க நிறத் தாள் ஒட்டி, சாக்பீஸால் கட்டம் போட்டு, ஆலன் கொடுத்த பெரிய ஜப்பான் ஓவியப் புத்தகத்தைப் பார்த்து உடம்பு, வால், கோடு எல்லாம் முடித்திருந்தாள். கண் மட்டும் பாக்கி. ஒரு கண்ணை வரைந்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கும்போது ஆலன் வந்தார். சிங்கப்பூரில் ஒரு ஜப்பான்காரர் கடையில் பதினைந்து வருஷம் மீன் வெட்டியவர். வேலையை விட்டு வரும்போது அந்த முதலாளி கொடுத்த புத்தகம்தான் அது. அதைக் கைக்குழந்தை மாதிரித் துணியில் சுற்றி வைத்திருப்பார்.

"அலமாக்! டொரத்தி, கண்ணு மாறிப்போச்சே" என்றார்.

கதவு தள்ளி ஓட மரத்தில் காடி வெட்டிக்கொண்டிருந்த காளியப்பன் உளியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"புத்தகத்துல பாரு. நடுவுல கோடு மாதிரி இருக்கு, பூனைக் கண்ணு. நீ வட்டமா போட்டிருக்க."

"புலிக்கு வட்டந்தான் பாஸ்" என்றாள் டொரத்தி. சொன்ன பிறகுதான் ஏன் சொன்னோம் என்று இருந்தது.

"நெசப் புலிக்கு வட்டமா இருக்கலாம்லா. இது ஜப்பான் புலி." ஆலன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். கடையைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் அவருக்கு நேரம் போவது தெரியாது. "அண்ணே, நீங்களும் கேளுங்க. ஜப்பான்ல புலியே கெடையாது. அந்தக் காலத்துல இத வரைஞ்ச ஆளுங்க எவனும் புலியக் கண்ணால பாத்ததில்ல."

"பாக்காமத்தான் இவ்ளோ பெருசா வரைஞ்சு வச்சிருக்கானுங்களா?" என்றார் காளியப்பன்.

"கொரியாவுலேருந்து, சீனாவுலேருந்து கப்பல்ல தோல் வரும். அந்தத் தோலத் தரையில விரிச்சுப் போட்டு, கோடு எங்க போவுதுன்னு பாத்துக்குவாங்க. சீனாக்காரன் வரைஞ்ச படம் கெடைச்சா அதையும் பாப்பாங்க. ஆனா நடக்குறது, ஒக்காருறது, முழிக்கிறது? அதுக்கு வீட்டுப் பூனை."

"அதான் பாத்தேன். கருவாட்டுக்குக் காத்திருக்கிற மாதிரியே ஒக்காந்திருக்கு."

ஆலன் சிரித்தார். "தோலோட கண்ணு வராதில்ல அண்ணே? கண்ணு பூனையோடதுதான்."

"சரி, பக்கத்துல புள்ளி போட்ட ஒன்னு இருக்கே, அது சிறுத்தையில்ல?"

"சிறுத்தைதான். ஆனா அவங்களுக்குத் தெரியல. தோல் மூட்டையில கோடு போட்டதும் வரும், புள்ளி போட்டதும் வரும். கோடு போட்டது ஆம்பளப் புலி, புள்ளி போட்டது பொம்பளப் புலின்னு நெனச்சிட்டாங்க."

"பொம்பளைன்னா காலையில எழுந்து கோலத்துக்குப் புள்ளி வைக்கணுமேன்னு முன்னாடியே வச்சிட்டாங்களாக்கும்!" காளியப்பன் சொல்லிவிட்டுத் தானே உரக்கச் சிரித்தார். டொரத்திக்கும் சிரிப்பு வந்தது. ஒரு நொடிதான். அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"வட்டம்னு அவ்ளோ உறுதியா சொல்றியே, நீ எங்கம்மா பாத்த?"

"ஜூவுல, மாமா."

பொய் நாக்கு நுனியிலேயே இருந்தது. ஒன்பது வருஷமாக இந்தக் கேள்விக்காக அவள் வைத்திருந்த பொய். இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஆலனுக்குப் போன் வந்தது. "பூனைக் கண்ணாவே போட்டுரு டொரத்தி. வர்ற ஜப்பான்காரனுக்கு அதான் பழக்கம்" என்று சொல்லிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

டொரத்தி போய்த் தூரிகையைக் கழுவினாள். கழுவினதையே மறுபடி கழுவினாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளுக்குப் பத்தொன்பது வயது. கோத்தா திங்கிக்கு அந்தப் பக்கம், காட்டோரச் செம்பனைத் தோட்டம். அவள் அப்பா மரியநாதனும் காளியப்பனும் பக்கத்துப் பக்கத்து வீடு, மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். காட்டுப்பன்றி வந்து செம்பனைக் கன்றையும் தின்னும், வீட்டுக்குப் பின்னால் போட்ட மரவள்ளியையும் தின்னும். இரண்டு பேரும் காட்டோரமாகக் கண்ணி வைப்பார்கள். சட்டப்படி தப்பு என்று தெரியும். தெரிந்தும் எல்லாரும் வைத்தார்கள். பன்றி விழுந்தால் லயத்து வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் அன்றைக்குக் குழம்பு கொதிக்கும். அந்த வருஷம் மரியநாதன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கை உடைந்து கிடந்தார். உடைந்த அந்த மோட்டார் சைக்கிளின் கேபிளை உருவி, சுருக்குப் போட்டு, டொரத்தியே கொண்டுபோய் ஜெரிங் மரத்தடியில் வைத்தாள். வைத்துவிட்டு வந்து அப்பாவிடம் பெருமையாகச் சொன்னாள்.

மூன்றாம் நாள் காலையில் பார்க்கப் போனால், பன்றி இல்லை. முன்காலில் கேபிள் இறுகிக் கிடந்த பெண்புலி.

ஓடிவந்து அப்பாவிடம் சொன்னாள். வனவிலங்கு இலாகாவுக்குப் போன் செய்யலாம் என்று அழுதாள். மரியநாதன் கட்டுப் போட்ட கையால் கதவைச் சாத்திவிட்டு, வேதாகமத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு. பொட்டப்புள்ள, ஜெயிலுக்குப் போவியா?" அவள் சத்தியம் செய்தாள். அன்றும் மறுநாளும் காட்டுப் பக்கமிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது; மற்றவர்களுக்கு அது எப்போதும் கேட்கிற காட்டுச் சத்தம். அதற்கு மறுநாள் வரவில்லை.

யாரோ தகவல் சொல்லி இலாகா ஆட்கள் வந்து, காட்டோரம் முழுக்க அலசி, அகப்பட்ட வயர் எல்லாவற்றையும் வெட்டிக் குவித்துக் காளியப்பனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். குவியலில் தன் வயர் கிடப்பதை அவர் பார்த்தார். மச்சானுக்குக் கை உடைந்திருக்கிறது, அந்த மாதம் அவன் கண்ணியே வைக்கவில்லை, ஆகையால் எல்லாம் தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். "என்னோடதுதான் சார்" என்றார். இரண்டு வருஷம் சிறை. மர வேலை அங்கே பழகியதுதான்.

டொரத்தி ஒவ்வொரு தவக்காலத்திலும் இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுவாள். ஒவ்வொரு ஃபாதரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: கடவுள் மன்னிப்பார், ஆனால் நீ போய் அந்த மனிதரிடம் சொல்ல வேண்டும். சரி ஃபாதர் என்பாள். மாதா கோயில் வாசலைத் தாண்டும்போதே அந்தச் சரி கரைந்துவிடும். அப்பாவுக்குச் செய்த சத்தியம் என்று சாக்குச் சொல்லிக்கொண்டாள். அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. சாக்கும் செத்துப்போய்விட்டது. அப்புறமும் சொல்லவில்லை. சொல்வதற்குப் பதிலாக வேலை பிடித்துக் கொடுத்தாள்.

"டொரத்தி" என்று கூப்பிட்டார் காளியப்பன். "ஞாயித்துக்கிழம ஒரு ஒதவி செய்வியா?"

"சொல்லுங்க மாமா."

"தேன்மொழி புள்ளைக்கு முப்பது நாளு. கோயில்ல பேரு வைக்கிறாங்க. தாத்தாதான் காதுல பேரச் சொல்லணும்னு அடம் புடிக்கிறா அவ. நான் உள்ள போவ மாட்டேன்னு உனக்குத் தெரியுமில்ல. நீ ஒரு நாலு போட்டோ புடிச்சு எனக்குக் காட்டு. நான் வெளிய வேன்ல இருப்பேன்."

அது அவளுக்குத் தெரியும். சிறையிலிருந்து வந்ததிலிருந்து காளியப்பன் அம்மன் கோயில் படி ஏறியதில்லை. அம்மா புலிமேல் ஏறி வருகிறவள். அந்த வாகனத்தையே கண்ணி வைத்துக் கொன்றவன் எந்த முகத்தோடு முன்னால் போய் நிற்பது என்பார். மகள் தேன்மொழிக்குத் தாலி கட்டும்போதும் ரோட்டின் அந்தப் பக்கம் நின்று, மேளச் சத்தத்தை வைத்துக் கட்டியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டவர்.

"பேரு என்ன மாமா?"

"நான் கேக்கல. சொல்ல முடியாத பேரக் கேட்டு என்ன செய்யப் போறேன்?" உப்புத்தாளை எடுத்துக் கதவு ஓரத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். டொரத்தி மறுபடி ஏணியில் ஏறிக்கொண்டாள்.

"எனக்கு ஒரு சந்தேகம்மா" என்றார், தலை நிமிராமல். "நான் அந்தப் புலியப் பாக்கவேயில்ல. கோர்ட்டுல போட்டோவுல தோலத்தான் காட்டுனாங்க. இந்த ஜப்பான்காரன் மாதிரிதான் நானும். ஒன்பது வருசமா மனசுலயே ஒரு புலிய வரைஞ்சு வச்சிருக்கேன், கண்ணு மட்டும் வர மாட்டேங்குது. ஜூவுக்குப் போயிப் பாக்கலாம்னா கால் வரல. நீ பாத்தியே, அது மனுசனப் பாத்தா எப்படிப் பாக்கும்? கோவமா பாக்குமா?"

தூரிகை நுனியில் மை திரண்டிருந்தது. யோசித்துப் பதில் சொல்லியிருந்தால் அவள் வேறு எதையாவது சொல்லியிருப்பாள்.

"இல்ல மாமா. பயந்துச்சு. நான் ஒரு அடி முன்ன வச்சா, அது பின்னால போவப் பாத்துச்சு. போவ முடியல."

உப்புத்தாள் நின்றது.

"ஜூவுல இருக்கிற புலி எதுக்கும்மா போவ முடியாம நிக்குது?"

டொரத்தி ஏணியிலிருந்து இறங்கினாள்.

"ஜூ இல்ல மாமா. அது என் கண்ணி."

"எது?"

"நம்ம தோட்டத்துல செத்த புலி. நான் வச்ச கண்ணியில விழுந்தது. உங்களோடது இல்ல."

காளியப்பன் அவளைப் பார்த்துச் சிரிக்கத்தான் பார்த்தார். "என்னா புள்ள ஒளர்ற? கண்டதையும் நெனச்சுப் பயந்திருக்க. உங்கப்பனே அந்த மாசம் வைக்கல."

"அப்பாவுக்குக் கை ஒடஞ்சிருந்துச்சு. நான் வச்சேன். மோட்டாரு கேபிள்ல. ஜெரிங் மரத்தடியில."

"ஜெரிங் மரத்தடியிலயா?" அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. "அங்க நான் வைக்கிறதேயில்லையே. அந்தப் பக்கம் மச்சானோடது. அங்கயா கெடந்துச்சு?"

"ஆமா."

"அவனுங்க எடம் சொல்லல. நானும் கேக்கல." தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கீழே உட்கார்ந்துவிட்டார். கையில் இருந்த உப்புத்தாளை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார். டொரத்தி அவர் திட்டட்டும், கையில் இருப்பதை எடுத்து வீசட்டும் என்று நின்றாள்.

"நீ பாக்கும்போது உசுரோட இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு."

"எவ்ளோ நாளு?"

"ரெண்டு நாளு, மாமா. ரெண்டு நாளும் சத்தம் கேட்டுச்சு."

"யாருக்காச்சும் போன் பண்ணுனியா?"

"இல்ல."

"அவனுங்க வந்து மயக்க மருந்தச் சுட்டுக் காலக் கழட்டி விட்டிருப்பானுங்கல்ல?"

டொரத்தி ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

காளியப்பன் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். மரத்தூள் நெற்றியெல்லாம் ஒட்டியது. "ஜெயில்ல படுத்தா தூக்கம் வராது. அப்ப எனக்கு நானே ஒன்னு சொல்லிக்குவேன். பட்டுன்னு போயிருக்கும், ஒன்னும் தெரிஞ்சிருக்காதுன்னு. இன்னிக்கி வரைக்கும் அதச் சொல்லிக்கிட்டுத்தான் படுக்குறேன்." கையிலிருந்த தூளைத் தட்டினார். "ரெண்டு நாளா?"

டொரத்தி அழுதாள். அழுவதற்குத் தனக்கு என்ன உரிமை என்று தோன்றியதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் இலாகாவுல போயி எழுதிக் குடுக்குறேன் மாமா. எந்தத் தண்டனையும் ஏத்துக்குறேன்."

"அது உன் இஷ்டம். நான் உள்ள இருந்த ரெண்டு வருசத்த அவனுங்க திருப்பித் தர மாட்டானுங்க." எழுந்து நின்றார். குரலில் இப்போதுதான் சூடு ஏறியது. "எனக்குச் சொல்லிட்ட. எனக்கு மட்டும் சொன்னா போதுமா? தேன்மொழிக்கு அப்ப பதினஞ்சு வயசு. 'புலிகொல்லி மவ வர்றா'ன்னு ஸ்கூல் பஸ்ஸுல கத்துவானுங்க. ஒரு நாள் பாதி வழியிலேயே இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தா. அப்புறம் ஸ்கூலுக்கே போவல. நல்லாப் படிச்ச புள்ள. அந்த நேரம் நீ பக்கத்து வீட்டுலதான இருந்த?"

"இருந்தேன் மாமா."

"வேன்ல ஏறு."

வழியெல்லாம் டொரத்தி மடியில் கையை வைத்துக்கொண்டு விரலில் ஒட்டிய மையைச் சுரண்டிக்கொண்டே வந்தாள். தேன்மொழியின் வீட்டு வாசலில் வேனை நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். "நான் வர மாட்டேன். நீ போயிச் சொல்லு."

தேன்மொழி கம்பிக் கதவைத் திறந்து, "அக்கா! வாங்க வாங்க. அதிசயமா இருக்கு. அப்பா ஏன் வேன்லயே இருக்காரு?" என்றாள். பிரசவ உடம்புக்குப் பூசிய மஞ்சள் கழுத்தில் இன்னும் இருந்தது. அவள் அம்மா ராசம்மா விடிகாலை பஸ்ஸில் சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டார், புருஷனும் வேலைக்குப் போயிருந்தான், வீட்டில் வேறு யாருமில்லை. டொரத்தி உட்கார்ந்ததும் குழந்தையைத் தூக்கி அவள் மடியில் போட்டாள். "கொஞ்சம் புடிங்கக்கா. தேத்தண்ணி கலக்கிக்கிட்டு வர்றேன். ஞாயித்துக்கிழம நீங்கதான் போட்டோவாமே? என்னா அழகா வரையிறீங்க, போட்டோவும் நல்லாத்தான் புடிப்பீங்க."

"தண்ணி வேணாம் தேனு. ஒக்காரு."

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மூச்சு விடும்போது அதன் வயிறு டொரத்தியின் கையில் ஏறி இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டேதான் அவளால் சொல்ல முடிந்தது. கேபிளிலிருந்து ஆரம்பித்தாள். அப்பா மேல் பழியைப் போடாமல் சொல்லப் பார்த்தாள். சத்தியத்தை விட்டுவிட்டாள், இரண்டு நாள் சத்தத்தை விடவில்லை. இலாகா ஆட்கள் காளியப்பனை ஏற்றிக்கொண்டு போனபோது தான் சமையலறை சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்ததையும் சொன்னாள். அதை எந்த ஃபாதரிடமும் சொன்னதில்லை.

எல்லாம் முடிந்த பிறகு தேன்மொழி எழுந்து வந்து குனிந்தாள். ஒரு கையைக் குழந்தையின் கழுத்துக்குக் கீழே கொடுத்தாள், இன்னொரு கையை முதுகுக்குக் கீழே கொடுத்தாள், டொரத்தியின் கையில் தன் விரல் படாதபடி குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழம நீங்க வராதீங்க" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி தேனு."

"எல்லாரும் எங்களப் பாக்க வர்றத நிறுத்துனப்ப நீங்க மட்டும் பலகாரம் கொண்டாந்து குடுத்தீங்க. அம்மா உங்களச் சாமின்னு சொல்லுவாங்க."

தேன்மொழி செருப்புக்கூடப் போடாமல் வெயிலில் இறங்கி வேனிடம் போனாள். சன்னலை ஒட்டி நின்று என்னவோ சொன்னாள். காளியப்பன் முன்னால் பார்த்தபடியே இருந்தார். அவள் மறுபடி சொன்னாள். தார் ரோடு சுட்டிருக்க வேண்டும், காலை மாற்றி மாற்றி வைத்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் கதவைத் திறந்து இறங்கினார்.

டொரத்தி வெளியே வந்தபோது இருவரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவள் ஒதுங்கி வழிவிட்டாள். காளியப்பன் அவளைப் பார்க்காமல் கடந்துபோனார். கோபமா, வேதனையா, அந்த முகத்தில் அவளால் எதையும் படிக்க முடியவில்லை. உள்ளே போய், அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்பது காதில் விழுந்தது.

"புள்ளைக்கு என்னா பேரு வச்சிருக்கீங்க?"

தேன்மொழி சொன்ன பதில் அவளுக்குக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று வேகமாக நடந்தாள். பஸ் நிறுத்தத்தில் நிழலும் இருந்தது, உட்காரப் பலகையும் காலியாக இருந்தது. பஸ் வருகிறவரை அவள் நின்றுகொண்டே இருந்தாள்.